நாவுக்கரசர் கண்ட இளவேனில்

பங்குனி பாதி கழிந்தபின் திருப்பாதிரிப்புலியூரில் காற்றின் போக்கு மாறிவிடுகிறது. தை, மாசி மாதங்களில் விடியலில் விழுந்த பனி நின்றுபோய், உச்சிப்பொழுது கடந்ததும் கிழக்கிலிருந்து கடற்காற்று ஊருக்குள் வரத் தொடங்குகிறது. புங்கமரங்கள் பழைய இலையை உதிர்த்துத் தளிரும் அரும்புமாய் நிற்கின்றன. வேப்பம்பூ தெருவில் பொரியாகச் சிந்திக் கிடக்கிறது. செம்மார்புக் குக்குறுவான் உச்சிக்கிளையில் அமர்ந்து கன்னான் செம்பு தட்டுவது போல ஓயாமல் ஒலிக்கிறது. கெடிலத்தில் எஞ்சிய குட்டைகளின் ஓரத்தில், பனிக்காலமெல்லாம் சேற்று நிறத்தில் ஒடுங்கியிருந்த மடையான், முதுகில் அரக்கு நிறச் சால்வை போர்த்தியது போல இணைதேடும் கோலம் பூணுகிறது. விடியுமுன்னரே குயில் கூவத் தொடங்கிவிடுகிறது.

இளவேனிலின் இந்த அடையாளங்களை இவ்வூரில் காணும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவு வருகிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர், கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்டு, இவ்வூர்ப் பக்கம் கரையேறியதாகச் சேக்கிழார் கூறும் திருநாவுக்கரசரே அவர். அவருடைய வரலாற்றைச் சூலைநோய், நீற்றறை, நஞ்சு, யானை, கல், கதவு, பாம்பு என்னும் வரிசையிலேயே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அற்புதங்களின் ஒளியில் அவருடைய கண்கள் நமக்குத் தெரியாமற் போய்விட்டன. அக்கண்கள் எவற்றைக் கண்டன, அப்பார்வை எங்கே பழகியது என்னும் வினாவோடு அவ்வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரை. அந்த வினாவுக்கு யான் காணும் விடை, மன்ற அன்பர்கள் சிலர்க்கு உவப்பாக இராது என்பதையும் முன்னரே சொல்லிவிடுகிறேன்.

பண்ணுருட்டிக்கு அண்மையிலுள்ள திருவாமூரில், வேளாளர் குடியில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாகப் பிறந்தவர் மருள்நீக்கியார். தமக்கையார் திலகவதியார். தந்தை நோயால் மறைந்தார். தாயும் உடன் சென்றார். திலகவதியார்க்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்தார். தாமும் உயிர் துறக்கத் துணிந்த அவ்வம்மையார், தம்பிக்காக அம்முடிவைக் கைவிட்டு வாழ்ந்தார். இதுவரை யாவரும் அறிந்த கதை. இதன்பின் சேக்கிழார் ஒரு செய்தியைச் சொல்கிறார். அதனைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். உலகத்தின் நிலையாமையை எண்ணிய இளைஞர் மருள்நீக்கியார் தம் பொருளைக் கொண்டு அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் தொட்டார். சமயம் எதனையும் சாருமுன்னரே செய்த செயல்கள் இவை. குளம் வெட்டியவனுக்குத்தான் கோடையில் அதில் நீர் எவ்வளவு இறங்கும், எந்தப் புள் முதலில் வந்து இறங்கும், கரையில் எந்தப் பூச்சி மொய்க்கும் என்பன தெரியும். இதனை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். குளம் பின்னர் மீண்டும் வரும்.

அவர் சமணம் புக்கது பாடலியில். பாடலி என்றால் பாதிரி. கங்கைக் கரையின் பாடலிபுத்திரமும் இம்மரத்தின் பெயரைத் தாங்கிய நகரமே. நம் பாடலியில் இருந்த சமணப் பள்ளி எளியதொன்றன்று. சர்வநந்தி என்னும் முனிவர் உலகத்தின் அமைப்பைப் பற்றிய லோகவிபாகம் என்னும் நூலைப் பாடலியில் இருந்து நிறைவு செய்தார் என்றும், அது சக ஆண்டு 380, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு என்றும் அந்நூலின் வடமொழி வடிவம் குறிக்கிறது. கி.பி. 458 ஆகிறது அது. முடித்த நாளில் கோள்கள் நின்ற நிலையையும் குறித்து வைத்திருக்கிறார்கள். பாகத மொழியிலிருந்த மூலம் மறைந்துபோயிற்று. சிம்மசூரி செய்த வடமொழி வடிவமே நமக்குக் கிடைக்கிறது. நாவுக்கரசர் அங்குச் சென்றபோது அப்பள்ளிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கல்வி மரபு இருந்தது என்பது இதனால் பெறப்படும். அங்கே அவர் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார்.

சமணத் துறவியின் அன்றாடம் எத்தகையது? நடக்குமுன் நிலத்தைப் பார்க்க வேண்டும். அமருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்லத் துடைக்க வேண்டும். அங்கே ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கலாம். மழைக்காலத்தில் ஓரிடத்திலேயே தங்க வேண்டும். ஈர மண்ணில் புழு பூச்சிகள் பெருகுவதால் நடந்தால் அவை மடியும். அந்தி சாய்ந்தபின் உண்ணலாகாது. விளக்கொளியில் விட்டில் வந்து விழும். இந்த ஒழுக்கத்துக்கு அடிப்படையாக ஓர் உயிர்நூலும் அவர்களிடம் உண்டு. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுப்பர். மரமும் புல்லும் தொடுபுலன் ஒன்றே உடையவை. புழுவுக்குச் சுவை சேர்ந்து இரண்டு. எறும்புக்கு மோப்பம் சேர்ந்து மூன்று. வண்டுக்குக் கண் சேர்ந்து நான்கு. தொல்காப்பிய மரபியல் படித்தவர்க்கு இது புதிதன்று. சிதலையும் எறும்பையும் மூவறிவில் வைத்தும், தும்பியை நான்கறிவில் வைத்தும் அங்கும் இவ்வகைமை இருக்கிறது. எது எதற்கு முந்தியது என்னும் வழக்கை இங்கே எழுப்ப விரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் நிலத்தைப் பார்த்து நடந்த ஒருவருக்குக் கண் எவ்வாறு பழகியிருக்கும் என்பதே என் கவலை.

அவ்வாண்டுகளை அவர் பின்னாளில் வெறுத்தார். இதனை மறைக்க வேண்டியதில்லை. பீலியைக் கையில் இடுக்கித் திரிந்ததையே பெரிய தவம் என்று எண்ணி ஏமாந்ததாகத் தம்மையே இழித்துப் பாடியிருக்கிறார். சமணர்மீது அவர் பாடிய கடுமொழிகளும் பல. ஆனால் ஒருவர் தம் கொள்கையைக் கழற்றி வைப்பது போலத் தம் கண்ணைக் கழற்றி வைக்க முடியாது. பாடலியில் பழகிய பார்வையோடுதான் அவர் அதிகைக்குத் திரும்பினார் என்று கருதுகிறேன். அவருடைய சிவநெறிப் பாடல்களில் மிகச் சிறிய உயிர்கள் அத்தனை நெருக்கத்தில் தெரிவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சூலைநோய் வந்தது. பள்ளியில் இருந்தோர் மந்திரமும் மருந்தும் செய்து பார்த்தனர், நோய் அடங்கவில்லை. தமக்கையார் திருவதிகையில் சிவபெருமான் கோயிலில் அலகிட்டு, மெழுகி, மலர் பறித்து மாலை தொடுத்துத் தொண்டு செய்துகொண்டிருந்தார். ஆளனுப்பினார் தருமசேனர். அம்மையார் சமணப் பள்ளிக்கு வர மறுத்துவிட்டார். இருளில் ஒருவரும் அறியாமல் தம்பியே புறப்பட்டு வந்தார். பாடலியும் அதிகையும் ஒரே கெடிலத்தின் கரையில் உள்ளவை. ஆற்றை எதிர்த்து மேற்கே அவர் நடந்த வழி அது. திருநீறு பெற்றார், பதிகம் பாடினார், நோய் நீங்கிற்று, நாவுக்கரசர் ஆனார். தமக்கை இல்லையேல் தேவாரத்தின் மூன்று திருமுறைகள் இல்லை. இதனை இன்னும் உரக்கச் சொல்லும் காலம் வர வேண்டும்.

பல்லவ மன்னன் அழைத்தான். அவனை முதலாம் மகேந்திரவர்மன் என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். எவருக்கும் தாம் குடியல்லர் என்று மறுத்த அடியாரை ஏழு நாள் நீற்றறையில் அடைக்கக் கட்டளை பிறந்தது. நீற்றறை என்பது சுண்ணாம்புக் காளவாய். கடலூர்ப் பக்கத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை; கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கரை இது. அந்த வெப்பத்துள் இருந்து அவர் பாடியதாகச் சேக்கிழார் கூறும் பாட்டு, ஐந்தாம் திருமுறையில் உள்ள சிறு பாட்டு, குழந்தைகளும் அறிந்தது. இறைவனின் அடிநிழலுக்கு ஐந்து பொருள்களை அதில் ஒப்புச் சொல்கிறார். குறையில்லாத வீணையின் ஒலி, அந்தி நிலவு, வீசும் காற்று, முதிர்ந்து வரும் இளவேனில், வண்டு மொய்த்து ஒலிக்கும் குளம். ஐம்புலன்களுக்கும் ஒவ்வொன்றாய் இவற்றைப் பங்கிட்டு உரை சொல்வோர் உண்டு. அவ்வுரை அழகியதுதான். ஆனால் ஐந்தாவது பொருளில் அது சற்றுத் திணறுகிறது. குளிர்ந்த நீர் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே; அங்கே வண்டு எதற்கு?

இப்பாட்டை வகுப்பில் நடத்தியபோது, தாமரையைத் தேடி வண்டு வருகிறது என்று நானும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை, சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, பூ இல்லாத குட்டையிலும் வெயிற்காலத்தில் தேனீ மொய்க்கும் என்றாள். மாட்டுத் தொட்டியின் விளிம்பிலும், கைப்பம்பின் அடியில் தேங்கிய நீரிலும் பங்குனி பிறந்ததும் அவை கூட்டமாய் வந்து அமரும் என்றும், தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் கொட்டுப்படாமல் குடத்தை எடுக்கக் கற்றுக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். முனைவர் பட்டம் பெற்ற நான் அன்று அவளிடம் பாடம் கேட்டேன்.

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. தேனீ வெயிற்காலத்தில் நீர் சுமக்கிறது. கூட்டின் நடுவே புழுக்கள் வளரும் அடையை ஏறத்தாழ 35 பாகை செல்சியசு அளவில் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் சென்றால் புழு கெடும், அடையின் மெழுகும் இளகும். எனவே வெப்பம் ஏறியதும் பணித் தேனீக்கள் நீர்நிலைக்குப் பறந்து, வயிற்றுப் பையில் நீரை நிரப்பி வந்து, அடையின் மீது சிறு துளிகளாய்ப் பரப்புகின்றன. மற்றவை சிறகசைத்துக் காற்று வீசுகின்றன. நீர் ஆவியாகும்போது கூடு குளிர்கிறது. மார்ட்டின் லிண்டாவர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1950-களில் இதனை ஆராய்ந்தார். தென் இத்தாலியில் சலேர்னோ நகருக்கு அருகே, எரிமலைக் குழம்பு உறைந்து கிடந்த வெளியில், முழு வெயிலில் ஒரு தேன்கூட்டை வைத்துப் பார்த்தார். நீர் எடுக்க வழி இருந்தவரை, சுற்றிலும் கொதித்தபோதும் கூட்டின் உள்ளே அந்த 35 பாகை மாறவில்லை.

நாவுக்கரசர் இந்த அறிவியலைப் பாடினார் என்று நான் சொல்லவில்லை. அத்தகைய வீண் பெருமை நம் மேடைகளில் ஏற்கெனவே மிகுதி. அவர் பார்த்தார் என்று மட்டுமே சொல்கிறேன். வேனில் ஏறும்போது குளக்கரையில் வண்டினம் மொய்க்கும் என்பதைக் கண்டவர் அவர். குளம் வெட்டிய கையும் நிலம் பார்த்து நடந்த கண்ணும் உடையவர். இளவேனிலை நான்காவதாகச் சொல்லி, அடுத்து வண்டு மொய்க்கும் குளத்தைச் சொன்ன வரிசையில் ஒரு பருவத்தின் உண்மை இருக்கிறது. வெந்து தணியாத அறைக்குள் ஒருவர் எண்ணிப் பார்க்கக்கூடிய மிகக் குளிர்ந்த பொருள், வெயிலுக்கு அஞ்சிய உயிர்கள் கூடும் நீர்நிலைதான்.

ஏழாம் நாள் அறையைத் திறந்தனர்; அவர் வாடாமல் இருந்தார். நஞ்சு கொடுத்தனர், யானையை ஏவினர். பின்னர்க் கல்லோடு கட்டிக் கடலில் இட்டனர். ஐந்தெழுத்தைப் பாடியவாறு மிதந்து அவர் திருப்பாதிரிப்புலியூரின் பக்கம் வந்து சேர்ந்ததாகப் புராணம் பேசுகிறது. ஊருக்கு மேற்கே கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே அந்நினைவைப் பெயராகச் சுமந்து நிற்கிறது.

இங்கே ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். கடல் அவரைக் கொண்டுவந்து விட்ட ஊர், அவர் தருமசேனராய் வீற்றிருந்த அதே பாடலி. விட்டு ஓடிய ஊருக்கே கல் மிதந்து வந்திருக்கிறது. தோன்றாத் துணையாகவும் தாயும் தந்தையும் உடன்பிறப்புமாகவும் இறைவனை அழைக்கும் அவ்வூர்ப் பதிகத்தை நாம் நன்றியின் பாட்டாகவே பாடி வருகிறோம். அப்பதிகத்தின் நடுவே ஒரு விண்ணப்பம் வருகிறது. மறுபிறவியில் புழுவாகப் பிறந்தாலும் இறைவனின் திருவடி தம் மனத்திலிருந்து வழுவாதிருக்க வேண்டும் என்று வரம் கேட்கிறார். எத்தனையோ இழிபிறவிகளைச் சொல்லியிருக்கலாம், புழுவைச் சொன்னார். அதற்கு மனம் உண்டென்றும் சொன்னார். புழுவுக்கு இரண்டே புலன் என்று கற்பித்த பள்ளி இருந்த ஊரில் நின்றுகொண்டு, அந்த ஈரறிவு உயிர்க்குள்ளும் நினைவு நிற்கும் என்கிறார். பழைய ஆசிரியர்களுக்கு அவர் சொன்ன விடையாக இதனை நான் படிக்கிறேன். அவர்களைப் போலவே புழுவை உயிராக மதித்து, அவர்கள் தராத ஒன்றை அதற்குத் தருகிறார். இது என் துணிபு, மறுப்போர் மறுக்கலாம்.

அவர் கரையேறிய ஊரின் தலமரத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பாதிரிப்பூவை நம் மாணவர்களில் பலர் கண்டதில்லை. குழல்போல நீண்டு வளைந்த பூ; புறத்தே மங்கிய சிவப்பு, மெல்லிய மயிர்; உள்ளே மஞ்சள் கீற்று; நல்ல மணம். வேனிலில் மலர்வது. சங்கப் புலவர்க்கு இதன்மீது தனி விருப்பம் இருந்தது. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், யாழின் தோற்போர்வைக்கு உவமை தேடி, பாதிரிப்பூவின் வயிற்றை வகுத்துப் பார்த்தால் தெரியும் உட்புறத்தைச் சொல்லித் தம் நூலைத் தொடங்குகிறார். பூவைப் பிளந்து உள்ளே பார்த்த கவிஞர் அவர். வெளியிதழின் அழகைச் சொல்லிவிட்டுப் போவோர்க்கு அந்த உவமை கிடைத்திராது.

புலியூர் என்னும் பகுதிக்கு வேறொரு கதை உண்டு. இவ்வூரையும் தில்லையையும் பிணைக்கும் கதை அது. வண்டு வாய் வையாத மலரால் இறைவனை அருச்சிக்க விரும்பிய முனிவர் ஒருவர், விடியுமுன் இருளில் மரமேறுவதற்காகப் புலியின் காலும் கையும் இருளில் காணும் கண்ணும் வேண்டிப் பெற்றார். வியாக்கிரபாதர் என்னும் புலிக்கால் முனிவர் அவர். அவர் வழிபட்டதால் தில்லை பெரும்பற்றப்புலியூர் ஆயிற்று. பாதிரிப்புலியூரும் அவர் பெயரால் வழங்குகிறது. வண்டு தொட்ட மலர் எச்சில் என்பது அம்முனிவரின் நெறி. நாவுக்கரசரோ வண்டு மொய்ப்பதனாலேயே குளத்தை இறைவனின் திருவடிக்கு ஒப்பாக்கினார். இரண்டு பக்தியையும் ஒரே ஊர் தன் பெயரிலும் பதிகத்திலும் வைத்துக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. என் மனம் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மன்னன் மனம் மாறினான். பாடலியின் பள்ளியை இடித்து, அக்கல்லைக் கொண்டு அதிகையில் குணபர ஈச்சரம் எடுத்தான் என்கிறார் சேக்கிழார். சைவர்க்கு அது வெற்றி. எனக்கு அவ்விடத்தில் ஒரு வருத்தம் உண்டு. லோகவிபாகத்தின் பாகத மூலத்தைப் போல இன்னும் எத்தனை ஏடுகள் அங்கே இருந்தனவோ என்று நெஞ்சு கேட்கிறது.

அதன்பின் ஊர் ஊராய் நடந்தார் நாவுக்கரசர். கையில் உழவாரப்படை. கோயில் முற்றத்தில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி அது. ஏனைய மூவரின் திருவுருவங்களில் இல்லாத இக்கருவி இவர் தோளில் மட்டும் இருக்கிறது. முன்பு பீலி பிடித்த கை பின்னர் உழவாரம் பிடித்தது. இரண்டுமே குனிந்து தரையைப் பார்க்கச் செய்வன. புல்லைச் செதுக்குகிறவன் காணும் உலகம் அவர் உவமைகளில் நிறைந்திருக்கிறது. இரு முனையிலும் தீப்பற்றிய கொள்ளியின் நடுவே அகப்பட்ட எறும்பைத் தம் உள்ளத்துக்கு ஒப்பிட்டார். பாம்பின் வாயில் பாதி போயும் ஏதேதோ எண்ணிக்கொண்டிருக்கும் தேரையைத் தம்மோடு ஒப்பிட்டார். உலையில் இட்ட ஆமை, நீர் சற்றே வெதுவெதுப்பாகும்போது மகிழ்ந்து ஆடுவதையும் சொன்னார். இவற்றில் எதுவும் நூலிலிருந்து எடுத்ததாகத் தோன்றவில்லை. அடுப்படியிலும் வயல்வரப்பிலும் நின்று பார்த்தவை.

திங்களூரில் அப்பூதியடிகளின் மகனைப் பாம்பு தீண்டியது, சம்பந்தரோடு கூடி நடந்தது, வீழிமிழலையில் பஞ்சத்துக்குப் படிக்காசு பெற்றது, மறைக்காட்டில் கதவு திறக்கப் பாடியது எல்லாம் யாவரும் அறிந்தவை. கயிலைப் பயணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதுமையில் வடக்கே நடந்தார். கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், மார்பால் உந்தினார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கும்படி ஆணை வந்தது. மூழ்கினார், திருவையாற்றில் ஒரு குளத்தில் எழுந்தார். மறுபடியும் குளம்.

எழுந்தவர் கண்டது என்ன? கயிலை மலையைக் காண விரும்பியவர்க்குக் காவிரிக்கரையின் உயிர்கள் இணை இணையாகத் தோன்றின. பதினொரு பாட்டில் அவற்றை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே போகிறார். பிடியோடு களிறு, பெடையோடு கோழி, குயில், மயில், பகன்றில், இடி போலக் குரலெடுக்கும் காட்டுப்பன்றி, கருங்கலை, நாரை, பச்சைக்கிளி, பசுவைத் தழுவி வரும் காளை. ஆணும் பெண்ணுமாய் வந்த அவையெல்லாம் அம்மையப்பராகத் தெரிந்தன என்பது சமய விளக்கம். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அடைமொழிகளைப் பாருங்கள். குயிலுக்கு வரி என்னும் அடை தந்திருக்கிறார். வரி என்பதற்கு இசைப்பாட்டு என்றும் பொருள் கொள்ளலாம். நான் கோடு என்றே கொள்கிறேன். ஆண்குயில் கரியது, பெண்குயிலோ பழுப்பு நிறத்தில் புள்ளியும் வரியும் உடையது. கூவுவது ஆண் என்பதால் கரிய குயிலையே கவிஞர்கள் பாடுவர். புள்ளியும் வரியுமாய் இருப்பதைக் கண்டு அது வேறொரு பறவை என்று எண்ணுவோர் இன்றும் பலர். இணையாகப் பார்த்தவர்க்கே அவ்வரி தெரியும். கலைக்குக் கருமை சொன்னதும் அவ்வாறே. வெளிமானில் முதிர்ந்த ஆண் மட்டுமே கருமை கொள்ளும். பிணை மணல் நிறத்திலேயே இருக்கும். அவர் பாடிய மறைக்காட்டுக்குத் தெற்கே கோடிக்கரையில் அம்மான்கள் இன்றும் மேய்கின்றன. பகன்றிலை அரிவாள்மூக்கன் என்று அறிஞர் சிலர் கூறுவர். கருத்து வேறுபாடு உண்டு.

இக்காட்சியை ஆடி அமாவாசையில் ஐயாற்றில் விழாவாக எடுக்கின்றனர். ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது இலக்கண மரபு. ஆகவே நீற்றறையில் இளவேனிலாகத் தொடங்கியது ஐயாற்றில் முதுவேனிலாக முதிர்ந்தது எனலாம். ஒருகாலத்தில் உயிர்களுக்குத் தீங்கு நேராதபடி விலகி நடக்கக் கற்றவர், முடிவில் அவ்வுயிர்களுக்கு நடுவே நடந்து கயிலையைக் கண்டார். இந்த இரண்டு நடைக்கும் இடையில்தான் அவருடைய வாழ்க்கை முழுதும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பாடியவற்றில் நமக்கு எஞ்சியவை முந்நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பதிகங்களே. எஞ்சாதவற்றுக்கும் ஒரு பூச்சிதான் காரணம். தில்லைக் கோயிலில் மூவர் கைச்சாத்துடன் பூட்டிக் கிடந்த அறையை இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது, ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது என்று உமாபதி சிவத்தின் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. எண்ணெய் பெய்து புற்றைக் கரைத்து, செல்லரித்தவை போக மீந்ததை எடுத்தனர். மரபியல் மூவறிவில் வைத்த சிதல்தான் அது. ஏட்டைத் தின்ன வந்த அதையும் பீலியால் மெல்ல ஒதுக்கிவிடக் கற்றவர்தான் அவற்றைப் பாடியவர். எந்தக் குளத்தின் பாட்டையும் எந்தப் பறவையின் பாட்டையும் அது உண்டதோ, தில்லைக் கோயிலின் அந்தத் திருச்சுற்றில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இறுதி ஆண்டுகள் திருப்புகலூரில் கழிந்தன. எண்பத்தொரு வயது வாழ்ந்தார் என்பது மரபு. அங்கும் உழவாரத்தொண்டே செய்தார். புல்லைச் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் மின்னின என்றும், பருக்கைக் கற்களோடு சேர்த்து அவற்றையும் உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் சேக்கிழார் சொல்கிறார். அரம்பையர் வந்து ஆடியபோதும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சித்திரைச் சதயத்தில் இறைவனடி சேர்ந்தார்.

அந்நாளில்தான் அவருடைய குருபூசை இன்றும் நடைபெறுகிறது. அப்போது பாதிரி மலரும் காலம். பாடலீசுவரர் கோயிலுக்கு வரும் அன்பர்கள் குளத்தங்கரையில் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். படியின் ஈரவிளிம்பில் வண்டுகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்.